பன்றிக்குட்டியும் மரம் ஏறும் பாடமும்

ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடும் இடத்தில் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. அந்தக் காட்டில், பெரிய மருத மரம் ஒன்றின் நிழலில், ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஆசிரியர் பயிற்சிக்கூடமும் இருந்தது.

காட்டுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்பீர்கள். எந்தக் காய் நஞ்சு, எந்தத் துறையில் முதலை, எந்தச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்று குட்டிகளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமே. சொல்லித்தருகிறவர்களுக்கும் யாராவது சொல்லித்தர வேண்டுமே. அதற்குத்தான்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் படிப்பார்கள். கடைசியில் குட்டிகள் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் நாரையார் வகுப்புக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்று பார்ப்பார். பாடம் சரியாக இருந்தால் தேர்ச்சி ஓலை கொடுப்பார். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த ஆண்டு பயிற்சிக்கு வந்தவர்களில் ஆவாரை என்ற சருகுமானும் ஒன்று. சருகுமான் முயலைவிடச் சற்றுப் பெரியது. கொம்பு கிடையாது. உதிர்ந்த இலைகளுக்கு நடுவே அசையாமல் நின்றால், பக்கத்தில் நடந்து போகிறவருக்குக்கூடத் தெரியாது. சருகுமான்களுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அந்தக் கூட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைகாட்டிய முதல் ஆள் ஆவாரை.

கொண்டுவந்து விட்ட நாளில் ஆவாரையின் அம்மா மருத மரம் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டது.

"உள்ளே போய் யாரைப் பார்க்கணும், என்ன கேட்கணும்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நீயே கேட்டுக்கோ," என்றது.

அதனால் ஆவாரை எல்லாரையும் கேட்டது. யார் எதைச் சொன்னாலும் தேக்கிலையில் எழுதி வைத்துக்கொண்டது.

முந்தின ஆண்டுகளில் தேறியவர்கள் ஒரு நாள் வந்து, புதியவர்களுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போவது அங்கே வழக்கம். அந்த ஆண்டு வந்தது மந்தி. கெட்டிக்கார மந்தி. பாடம் நடத்தியதில் முதலாவதாக வந்தது. கையில் ஓர் அகலமான மரப்பட்டையை வைத்துக்கொண்டு கிளையில் சாய்ந்து உட்கார்ந்தது.

"நான் சொல்றதைக் கவனமா கேட்டுக்குங்க. நாரையார் அதிகம் பேசமாட்டார். வயசாயிடுச்சு, தூரத்துல இருக்கிறது சரியாத் தெரியாது. கேள்வி கேட்டதும் எல்லாக் கையும் மேலே போகுதா, அதைத்தான் பார்ப்பார். அதுக்குன்னே ஒரு பாடம் இருக்கு. சிறுத்தைத் தடப் பாடம். எங்க சித்தி நடத்தினது. அப்புறம் நான் நடத்தினேன். இதுவரைக்கும் ஒருத்தரும் தோற்கலை."

எல்லாரும் நெருங்கி வந்தார்கள். மந்தி மரப்பட்டையைத் திருப்பிக் காட்டியது. அதில் கரியால் ஒரு சிறுத்தையின் காலடித் தடம் வரைந்திருந்தது.

"இதை ஒரு இலையால மூடி எடுத்துட்டுப் போங்க. இலையை மெதுவா எடுங்க. அதுதான் ஆர்வமூட்டல். 'இது யாருடைய தடம்?' சிறுத்தைன்னு சொல்வாங்க. 'சிறுத்தை வந்தால் என்ன செய்வீர்கள்?' மரத்தில் ஏறுவோம்னு சொல்வாங்க. ரெண்டு தடவை திருப்பிச் சொல்லவைங்க. தொகுத்துச் சொல்லி முடிங்க. அவ்வளவுதான்."

"நடுவுல ஏதாவது தப்பாப் போயிட்டா?" என்று கேட்டது ஆவாரை. அதற்கு அந்தக் கவலைதான் எப்போதும்.

"நடக்காத மாதிரி போய்க்கிட்டே இரு. நிறுத்தாதே. எனக்குத் தெரியலைன்னு மட்டும் வகுப்புல வாயைத் திறந்து சொல்லிடாதே. சொன்னா அன்னிக்கே உன் மரியாதை போச்சு."

ஆவாரை மூன்றையும் எழுதிக்கொண்டது.

"அக்கா, அந்தப் பட்டையை எங்களுக்குக் கொடுப்பீங்களா?" என்று கேட்டது மோழை. மோழை ஒரு காட்டெருமை. உடம்பு பெரிது, யோசிப்பதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

"கொடுக்கத்தானே தூக்கிட்டு வந்தேன். உடைச்சிடாம வச்சுக்குங்க. அடுத்த வருஷம் வர்றவங்களுக்கும் வேணும்."

மழைக்காலம் முடிந்தது. பாடம் நடத்தும் நாட்கள் வந்தன. முதல் நாள் மயில் சிறுத்தைத் தடப் பாடம் நடத்தியது. தேறியது. அடுத்த நாள் மரநாய் நடத்தியது. அதே பாடம். தேறியது. இப்படியே எட்டுப் பேர், எட்டு நாள், அதே மரப்பட்டை. எட்டுப் பேரும் ஓலையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மீதி இருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்பதாவது ஆவாரை. பத்தாவது மோழை.

தன் நாளுக்கு முந்தின நாள், ஆவாரை குட்டிகளின் வகுப்பை எட்டிப் பார்க்கப் போனது. ஒரு பன்றிக்குட்டி, ஓர் அணில் குட்டி, ஓர் ஆமைக்குட்டி, ஒரு புள்ளிமான் குட்டி, இன்னும் சில பேர் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பன்றிக்குட்டிதான் முதலில் பார்த்தது.

"நாளைக்கு நீங்களாக்கா?"

"ஆமா."

"சிறுத்தைப் பாடம்தானே?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அதைத்தானே நடத்துறாங்க. நீங்க பயப்படாதீங்கக்கா. எங்களுக்கு அந்தப் பாடம் நல்லாத் தெரியும். இலையை எடுக்கிறதுக்கு முன்னாடியே கையைத் தூக்கிடுவோம்."

"முன்னாடியே தூக்கக்கூடாதுடா," என்றது புள்ளிமான் குட்டி. "மரநாய் அண்ணன் பாடத்துல நீ அப்படித்தான் தூக்கினே. நாரையார் இருமினாரு."

"சரி, எடுத்த பிறகு தூக்குறோம்," என்று பன்றிக்குட்டி பெரிய மனதோடு ஒப்புக்கொண்டது.

ஆவாரைக்குப் பாதி பயம் குறைந்தது. ஏனோ மீதிப் பாதி கூடவும் செய்தது.

மறுநாள் விடியற்காலையில் அதற்கு ஒரு புதுக் கவலை வந்தது. மந்தி கொடுத்த மரப்பட்டையை எட்டுப் பேர் தொட்டுத் தொட்டு, கரி கொஞ்சம் அழிந்திருந்தது. பாடத்தின் நடுவில் முழுவதும் அழிந்துவிட்டால்? எதற்கும் இன்னொன்று வரைந்து வைத்துக்கொள்வோம் என்று ஒரு புதிய மரப்பட்டையைக் கொண்டுவந்தது.

ஆனால் சிறுத்தைத் தடத்தை வரைந்து அதற்குப் பழக்கமில்லை. முதலில் தெரிந்ததை வரைந்து பார்க்கலாம் என்று, தன் குளம்பைக் கரித்தூளில் தோய்த்து மரப்பட்டையில் ஓர் அழுத்து அழுத்தியது. சின்னஞ்சிறிய சருகுமான் தடம் விழுந்தது. யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று அதன் மேல் ஒரு தேக்கிலையைப் போட்டு மூடியது. மந்தி கொடுத்ததன் மேல் ஏற்கெனவே ஒரு தேக்கிலை இருந்தது.

அதற்குள் மரங்கொத்தி பொந்து மரத்தைத் தட்டிவிட்டது. அதுதான் அங்கே பள்ளி மணி. ஆவாரை பதறி எழுந்தது. ஒரு மரப்பட்டையைக் கவ்விக்கொண்டு ஓடியது.

எதைக் கவ்விக்கொண்டு ஓடியிருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வகுப்பு ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. பின்னால் நாரையார் ஒற்றைக் காலில் நின்றார். அவர் அலகில் எழுதுகோல். மேலே கிளையில் மந்தி உட்கார்ந்திருந்தது. தன் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க அது தினமும் வரும். புதருக்குப் பின்னால் மோழை ஒளிந்து நின்றது. காட்டெருமை புதருக்குப் பின்னால் ஒளிந்தால் எவ்வளவு ஒளிய முடியுமோ அவ்வளவு.

ஆவாரை வணக்கம் சொன்னது. மரப்பட்டையை ஒரு கல்லில் சாய்த்து வைத்தது. இலையை மெதுவாக எடுத்தது.

"இது யாருடைய தடம்?"

எல்லா முன்னங்கால்களும் மேலே போயின.

"சிறுத்தை," என்றது வகுப்பு, ஒரே குரலில்.

ஆவாரை மரப்பட்டையைத் திரும்பிப் பார்த்தது. அதில் இருந்தது இரண்டு சின்னக் குளம்பு நுனிகள். ஒரு நெல்லிக்காய் அளவுகூட இல்லாத தடம். அதன் சொந்தக் கால்.

உலகத்தில் ஒரு சருகுமானைச் சிறுத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். வேறு நாளாக இருந்தால் ஆவாரை சிரித்திருக்கும்.

அது மெதுவாக நாரையாரைப் பார்த்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே போன கால்களை எண்ணினார். ஏதோ குறித்துக்கொண்டார். தலையையும் லேசாக ஆட்டினார். அவருக்கு மரப்பட்டை தெரியவில்லை.

மேலே மந்திக்குத் தெரிந்துவிட்டது. அது கிளையிலிருந்து கையை வேகமாகச் சுழற்றிக் காட்டியது. போ, போ, நிறுத்தாதே.

ஆவாரைக்கு இரண்டு நினைவுகள் ஒன்றாக வந்தன. ஒன்று, மருத மரம் தெரிந்ததும் நின்றுவிட்ட அம்மாவின் முகம். ஓலை இல்லாமல் அந்த முகத்தின் முன் போய் நிற்க முடியாது. இன்னொன்று, எட்டுப் பேர் தேறிய பாடம் இது, இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.

அது அடுத்த கேள்வியைக் கேட்டது.

"சிறுத்தை வந்தால் என்ன செய்வீர்கள்?"

"மரத்தில் ஏறுவோம்."

அணில் சொன்னது. புள்ளிமான் குட்டி சொன்னது. ஆமைக்குட்டியும் ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிச் சொன்னது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது முன்வரிசைப் பன்றிக்குட்டி. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பது போல ஆவாரையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

ஆவாரை அதன் கால்களைப் பார்த்தது. குட்டையான நான்கு கால்கள். சேறு ஒட்டிய குளம்புகள்.

"நீ மரம் ஏறுவியா?" என்று கேட்டது. இந்தக் கேள்வி பாடக்குறிப்பில் இல்லை.

"இல்லக்கா."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னே?"

பன்றிக்குட்டி இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தது. "அதுதானேக்கா விடை."

கிளையில் மந்தி தலையில் கை வைத்துக்கொண்டது. புதருக்குப் பின்னால் மோழை மூச்சுவிட்டது எல்லாருக்கும் கேட்டது.

ஆவாரை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. சருகுமான்களுக்கு அது எளிது. பிறகு மரப்பட்டையைக் கவ்வி எடுத்து, நாரையார் பக்கம் திருப்பியது.

"ஐயா, இது சிறுத்தைத் தடம் இல்லை. என் குளம்பு. மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். பார்க்காமலே பிள்ளைங்க சிறுத்தைன்னு சொல்லிட்டாங்க. அது அவங்க தப்பு இல்லை. நாங்க ஒன்பது பேரும் இதே பாடத்தைத்தான் நடத்தினோம்."

நாரையார் மற்றக் காலையும் ஊன்றினார். வகுப்புக்கு நடுவே மெல்ல நடந்து வந்தார். நீண்ட கழுத்தை வளைத்து மரப்பட்டையைப் பார்த்தார்.

"சருகுமான்தான்," என்றார்.

ஆவாரை தன் பாடம் முடிந்துவிட்டது என்றே நினைத்தது.

"மரங்கொத்தி தட்டுறதுக்கு இன்னும் நேரம் இருக்கு," என்று சொல்லிவிட்டு, நாரையார் வந்த வழியே பின்னால் போய், மறுபடி ஒற்றைக் காலில் நின்றுகொண்டார்.

"அப்போ நாங்க சொன்னது தப்பாக்கா?" என்று கேட்டது பன்றிக்குட்டி. அதன் குரல் இறங்கிவிட்டது.

"நீங்க இன்னும் பார்க்கவே இல்லையேடா. வாங்க, பார்ப்போம்."

எங்கே, எதை என்று ஆவாரைக்கே தெரியாது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஆற்று மணல் ஈரமாகக் கிடந்தது. அங்கே போனார்கள்.

"ஆளுக்கு ஒரு தடம் வைங்க."

அவ்வளவுதான், வகுப்பு கலைந்துவிட்டது. அணில் மணலில் தாவியது. தடம் விழவே இல்லை. மறுபடி குதித்தது. ஆமைக்குட்டி நடந்தால் நான்கு தடங்களுக்கு நடுவே ஒரு கோடும் விழுந்தது.

"அது என்னடா கோடு?"

"என் வாலு," என்றது ஆமைக்குட்டி வெட்கத்தோடு. "எனக்கே இப்பத்தான் தெரியும்."

ஒருவர் தடத்தை ஒருவர் மிதித்தார்கள். சண்டை வந்தது. ஆவாரை கத்தியது. யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் அதுவும் ஒரு தடம் வைத்தது. புள்ளிமான் குட்டி அதைப் பார்த்து, "என்னக்கா, இவ்வளவுதானா உங்க கால்?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் கவனிக்கத் தொடங்கினார்கள்.

ஆவாரை ஒரு குச்சியைக் கவ்வி, மணலில் சிறுத்தைத் தடத்தை வரைந்தது. வாயில் குச்சி இருந்ததால் நடுவில் பேச முடியவில்லை. வரைந்து முடித்துத்தான் பேசியது.

"நல்லாப் பாருங்க. எத்தனை விரல்?"

"நாலு."

"நகம் தெரியுதா?"

"இல்ல."

"நாய்க்கு நகம் தெரியும். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கிட்டு நடக்கும். தடத்தோட ஓரம் உதிராம இருந்தா அது புதுசு. இப்பத்தான் போயிருக்குன்னு அர்த்தம். சரி, சிறுத்தை வருது. நீ என்ன பண்ணுவே?"

"மரம் ஏறுவேன்," என்றது அணில். "நிஜமாவே ஏறுவேன்."

"சிறுத்தையும்தான் ஏறும்," என்றது புள்ளிமான் குட்டி.

"நான் நுனிக்கொம்புக்குப் போயிடுவேன். அது வந்தா கொம்பு முறியும்."

"நான் உள்ளே போயிடுவேன்," என்றது ஆமைக்குட்டி. உடனே உள்ளே போயும் காட்டியது.

"நான் கத்திக்கிட்டே எங்க கூட்டத்துக்கு ஓடிடுவேன்," என்றது புள்ளிமான் குட்டி.

பன்றிக்குட்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மணலை மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தது.

"நீ?"

"எனக்குத் தெரியலக்கா."

ஆவாரை யோசித்தது. தான் என்ன செய்யும் என்று அதற்குத் தெரியும். சருகுகளுக்குள் அசையாமல் நிற்கும். ஆனால் பன்றிக்குட்டியால் ஒரு நொடி அசையாமல் நிற்க முடியாது. அது ஒளிந்தால் காட்டுக்கே தெரிந்துவிடும்.

"எனக்கும் தெரியலடா," என்றது ஆவாரை.

மேலே ஒரு கிளை சடசடத்தது. மந்தி எழுந்து போய்விட்டது.

"இன்னிக்குச் சாயங்காலம் உங்கம்மாகிட்டக் கேளு. நாளைக்கு வந்து எனக்கும் சொல்லிக்கொடு. சரியா?"

"சரிக்கா," என்று பன்றிக்குட்டி தலை நிமிர்ந்தது.

அந்த நேரம் மரங்கொத்தி தட்டியது. தொகுத்துச் சொல்லவில்லை. மதிப்பீட்டுக் கேள்வி கேட்கவில்லை. பாதி வகுப்பு ஆற்றுக்குள் நின்றது. நாரையார் எழுதுகோலை எடுத்து வைத்துக்கொண்டு, "நாளைக் காலையில் சொல்கிறேன்," என்று பறந்துவிட்டார்.

பயிற்சிக்கூடத்துக்குத் திரும்பியபோது மந்தி காத்திருந்தது.

"யாராவது தானாப் போய்ச் சொல்லுவாங்களா? அவருக்குத் தெரியவே இல்லை. தலையை ஆட்டிட்டாரு. இன்னும் ஒரு வரி சொல்லி முடிச்சிருந்தா ஓலை உன் கையில."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

ஆவாரை தலையைத் தாழ்த்திக்கொண்டது.

மோழை மெதுவாக வந்தது. "நீ ஓலை வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி. நாளைக்கு நான் என்ன பண்றது? நாரையார் முன்னாடி இனிமே அந்தப் பட்டையைத் தூக்கிட்டுப் போக முடியுமா? ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா நீ?"

மறுநாள் காலையில் ஆவாரை சீக்கிரமே மருத மரத்தடிக்குப் போனது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று வரிகளைக் கோத்துக்கொண்டே போனது. எல்லா வரிகளும் 'அடுத்த மழைக்காலம்' என்றே முடிந்தன.

குட்டிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அணில் வந்தது. புள்ளிமான் குட்டி வந்தது. எல்லாருக்கும் முன்னால் புறப்பட்டிருந்த ஆமைக்குட்டியும் வந்துவிட்டது. மரங்கொத்தி தட்டியது. நாரையார் வந்து இறங்கினார். பன்றிக்குட்டியைக் காணவில்லை.

"அவன் எந்த வழியா வருவான்?" என்று கேட்டது ஆவாரை.

"ஓடைக்கரை வழியா," என்றது அணில். "அக்கா, ஓடைப் பக்கம் இன்னிக்குக் காலையில குருவிங்க எல்லாம் கத்துச்சு. நான் கேட்டேன்."

ஆவாரைக்கு ஓலை, நாரையார், அம்மா எல்லாம் மறந்துபோனது. நேற்று அந்தக் குட்டி தனக்குத் தெரியவில்லை என்று சொன்னதும், தனக்கும் தெரியவில்லை என்று தான் சொன்னதும்தான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அது ஓடை வழியில் ஓடத் தொடங்கியது. பின்னால் மோழை ஓடிவந்தது. மரங்களுக்கு மேலே மந்தி தாவி வந்தது.

பாதி வழியில் எதிரே பன்றிக்குட்டி வந்துகொண்டிருந்தது.

உடம்பெல்லாம் முள். ஒரு காதில் கீறல். முகத்தில் அளவில்லாத பெருமை.

"அக்கா, நான் மரம் ஏறல," என்றது.

ஆவாரை அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"என்னடா ஆச்சு?" என்று மேலேயிருந்து கேட்டது மந்தி.

"ஓடை மணல்ல தடம் இருந்துச்சு. விரல் எண்ணினேன். நாலு. நகம் இல்ல. ஓரம் ஒண்ணும் உதிரல. நேத்து அம்மாகிட்டக் கேட்டேன்ல? காரைமுள்ளுப் புதருக்குள்ள போயிடணும்னு அம்மா சொல்லிச்சு. தலையை நீட்டிக்கிட்டு நுழையக்கூடாது, பின்பக்கமா நுழையணும். அப்பத்தான் மூஞ்சி வெளியே பார்த்து இருக்கும். நான் பின்பக்கமாத்தான் போனேன். ரொம்பக் குத்துச்சு."

"சிறுத்தை வந்ததா?"

"வந்துச்சு. மூக்கை உள்ளே விட்டுச்சு. அதுக்கும் குத்திடுச்சு. போயிடுச்சு." பன்றிக்குட்டி மூச்சு வாங்கிக்கொண்டது. "அதான் லேட்டு. திட்டாதீங்கக்கா."

ஆவாரை திட்டவில்லை. பன்றிக்குட்டியின் முதுகிலிருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பல்லால் பிடுங்கியது. பிடுங்கப் பிடுங்க அதன் மூச்சு சீரானது. ஏழாவது முள்ளை எடுக்கும்போது, தான் சிரித்துக்கொண்டிருப்பது அதற்கே தெரிந்தது.

மந்தி கிளையிலிருந்து கீழே இறங்கி வந்தது. பன்றிக்குட்டியின் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தது.

"நான் ஏறுவேன். அதனால சொன்னேன்," என்றது மெல்ல. பிறகு அதுவும் முள் எடுக்க உட்கார்ந்தது. முள் எடுக்க மந்தியின் விரல்களைப் போல வேறு எதுவும் வராது.

மருத மரத்தடியில் நாரையார் காத்திருந்தார். குட்டிகள் பன்றிக்குட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் அந்தக் கதையை முழுவதும் கேட்டார். சிறகுக்குள்ளிருந்து ஓர் ஓலையை எடுத்து ஆவாரையிடம் நீட்டினார்.

ஆவாரை அதைத் தொட்டுப் பார்த்தது. எழுத்து நன்றாகக் காய்ந்திருந்தது. இப்போது எழுதியது இல்லை.

"நேற்றே எழுதினதா ஐயா?"

"நேற்றே."

மோழை தோளுக்கு மேலிருந்து எட்டிப் படித்தது.

'துணைப்பொருளான மரப்பட்டை தவறு. வகுப்பில் ஒழுங்கு இல்லை. தொகுத்தல் இல்லை. பன்றிக்குட்டியைப் பார்த்ததும் பாடத்தை நிறுத்தியது. தேர்ச்சி.'

ஆவாரை மூன்று முறை படித்தது. கடைசிச் சொல்லை மட்டும் நான்காவது முறையும் படித்தது. பிறகு ஓலையைச் சருகுகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துவிட்டு, நேற்றிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை நினைத்துக்கொண்டு, விழுந்துகிடந்த அத்திப்பழம் ஒன்றைத் தின்றது. இன்னொன்றும் தின்றது. பழம் அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அதுவரை அதற்குத் தெரியாது.

மோழை ஒரு தேக்கிலையும் கரித்துண்டும் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தது.

"சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

"எதை?"

"மணல் பாடத்தை. முதல்ல ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். அப்புறம் ஆளுக்கு ஒரு தடம். அப்புறம் எப்போ எனக்குத் தெரியலைன்னு சொல்லணும்? ஆரம்பத்திலயா, கடைசியிலயா? இன்னும் கொஞ்ச நேரத்துல என் முறை. சீக்கிரம் சொல்லு."

ஆவாரை வாயிலிருந்த அத்திப்பழத்தை விழுங்கியது. சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வரிசை எல்லாம் அதற்கு நன்றாக நினைவிருந்தது. மோழை பாவம், பயந்திருந்தது. தனக்கு நேற்றிருந்த பயம் அதன் பெரிய கண்களில் தெரிந்தது. சொன்னால் நிம்மதியாகப் போகும்.

அது கரித்துண்டை மோழையின் முன்னாலிருந்து மெதுவாகத் தள்ளி வைத்தது.

"எழுதாதே. வகுப்பு இன்னும் தொடங்கலையே. இப்பவே அங்கே போ. ஒவ்வொருத்தர் காலையும் பாரு."

"பார்த்துட்டு?"

"பார்த்தா கேட்கிறதுக்கு ஏதாவது தோணும்."

"தோணலைன்னா?"

"தோணலைன்னு அவங்ககிட்டயே சொல்லு. சும்மா இருக்கமாட்டாங்க."

மோழை நம்பாமல் எழுந்தது. நான்கு அடி வைத்துவிட்டுத் திரும்பியது. "நீயும் கூட வாயேன்."

"நான் இங்கேயே இருக்கேன். உனக்குத் தெரியுற மாதிரி நிற்கிறேன்."

மோழை குட்டிகள் பக்கம் போனது. பெரிய தலையைத் தரை வரைக்கும் தாழ்த்தி, அணில் குட்டியின் கால்களை உற்றுப் பார்த்தது. அணில் பயந்து ஒரு தாவு தாவிவிட்டுத் திரும்பி வந்தது.

"உனக்கு எத்தனை விரல்?" என்று மோழை கேட்டது ஆவாரையின் காதிலும் விழுந்தது.

"முன்னால நாலு, பின்னால அஞ்சு," என்றது அணில். "உங்களுக்கு எத்தனைண்ணே?"

மோழை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு காலைத் தூக்கி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அதைத் திருப்பிப் பார்த்தது.

"இரு, எண்ணிச் சொல்றேன்," என்றது.

குட்டிகள் எல்லாரும் அதன் காலடியில் வந்து கூடிவிட்டார்கள்.

நீதி: நமக்குக் கைகொடுத்த வழியை இன்னொருவருக்குச் சொல்லும் முன், அந்த வழியில் நடக்கப் போகும் கால்களைப் பார்க்க வேண்டும்.